வெள்ளைக் கோட்டுக்கு வார லீவு உண்டா?

சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை லீவு. டில்லியில் இருப்பவர்களுக்கு இது தெரியும். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குத்தான் தெரியாது, ஆசையாக ஆட்டோ பிடித்துப் போய் மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டு வருவார்கள். டில்லியில் ஒவ்வொரு மார்க்கெட்டுக்கும் இப்படி ஒரு நாள் உண்டு. 1954ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஆரம்பித்த பழக்கம்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை அந்த மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரம். எங்களுக்கு ஞாயிறு லீவு. 2015 செப்டம்பரிலிருந்து மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமையும் லீவு. (இது போதாது, எல்லாச் சனியும் வேண்டும் என்று யூனியன் கேட்டுக்கொண்டிருப்பது தனிக்கதை.) ஆக, பேரம் பேசி டி-ஷர்ட் விற்கிற பையனுக்கும் லீவு, அவன் பணத்தை எண்ணி வாங்குகிற கேஷியருக்கும் லீவு. மார்க்கெட்டிலிருந்து கிளம்பி ரிங் ரோட்டைத் தாண்டினால் அரபிந்தோ மார்க்கில் இந்தப் பக்கம் சப்தர்ஜங் மருத்துவமனை, அந்தப் பக்கம் எய்ம்ஸ். அங்கே வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கு லீவு எப்போது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீளமான சரித்திரம் இருக்கிறது. படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. பிள்ளையை மெடிக்கல் காலேஜில் சேர்த்திருப்பவர்களும், சேர்க்கக் கனவு காண்பவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தை. எங்கள் அம்மா காலத்தில் கல்யாணப் பேச்சில் "பையன் ஹவுஸ் சர்ஜன்" என்று சொன்னால் கூடத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். என்ன ஹவுஸ், யார் வீடு என்று யாரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிதான் அந்த வீடு. ஆஸ்பத்திரியிலேயே தங்கி இருக்கும் சர்ஜன், அதனால் ஹவுஸ் சர்ஜன். முதுகலை படித்துக்கொண்டே வைத்தியம் பார்ப்பவருக்கு ரெசிடென்ட் என்று பெயர் வந்ததும் அதே காரணம்தான், அங்கேயே குடியிருப்பவர். தமிழ்நாட்டில் இன்று எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் ஒரு வருஷம் செய்கிற பயிற்சியை சி.ஆர்.ஆர்.ஐ. என்கிறார்கள். அதில் முதல் ஆர் சுழற்சி, இரண்டாவது ஆர் 'ரெசிடென்ஷியல்'. மருத்துவப் படிப்பில் எந்தப் பெயரைச் சுரண்டினாலும் அடியில் ஒரு வீடு இருக்கிறது. சொந்த வீடு மட்டும் இல்லை.

இன்னொரு பெயர் எனக்கு ரொம்பப் பிடித்தது. வார்டுக்கு முதல்முதலாகப் போகும் மாணவனுக்குப் பழைய இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 'கிளினிக்கல் கிளார்க்' என்று பெயர். சர்ஜரி வார்டு என்றால் 'டிரெஸ்ஸர்', கட்டுப் போடுகிறவர். அமெரிக்காவில் இன்றும் அந்தப் பயிற்சிக் காலத்தை 'கிளார்க்ஷிப்' என்றுதான் சொல்கிறார்கள். நோயாளி சொல்வதை எழுதிக்கொள்வது, சார்ட்டை நிரப்புவது, பெரிய டாக்டர் வரும்போது ஒப்பிப்பது, இதுதான் வேலை. எங்கள் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து லெட்ஜர் எழுதி மேலே வந்தவர்களுக்கு இது புரியும் :-)

இப்படி ஆஸ்பத்திரியிலேயே கிட என்கிற முறையை அமெரிக்காவில் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹால்ஸ்டெட். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறந்தபோது சர்ஜரிப் பிரிவை நடத்தியவர். இளம் டாக்டர்கள் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கவேண்டும், இரவு பகல் என்று பிரிவினை கிடையாது, கல்யாணம் பண்ணிக்கொள்வதும் தள்ளிப்போகவேண்டும். மகா கெட்டிக்காரர். ஆனால் அவருக்கே ஒரு ரகசியம் இருந்தது. 1884 வாக்கில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக கொக்கெய்னைத் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தவர், அதிலிருந்து மீளவே இல்லை; பிற்பாடு மார்ஃபின் பழக்கமும் சேர்ந்தது. கூட வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லர் எழுதிவைத்த ரகசியக் குறிப்பு 1969இல்தான் வெளியே வந்தது. தூக்கமே வேண்டாம் என்கிற ஒரு முறையைக் கட்டியவர் அப்படிப்பட்ட நிலையில் இருந்தார் என்பதை உலகம் அறியும்போது, அந்த முறை எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே பஸ்ஸில் போகும்போது கண்ணில் படுகிற சப்தர்ஜங் மருத்துவமனை 1942இல், இரண்டாம் உலகப்போர் சமயத்தில், அமெரிக்கப் படைகளுக்காகக் கட்டியது. 1954இல் இந்திய சுகாதார அமைச்சகத்தின் கைக்கு வந்தது. எய்ம்ஸின் கதை அதே போர்க்காலத்தில், காகிதத்தில் தொடங்குகிறது. 1943 அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், 1946இல் அறிக்கை வந்தது. அந்தக் குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தார், டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 வருஷம் துணைவேந்தர். அறிக்கை கேட்டவற்றில் ஒன்று, நாட்டின் மருத்துவ ஆசிரியர்களை உருவாக்க ஒரு பெரிய மத்திய நிறுவனம்.

அதை நடத்திக் காட்டியவர் சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து அரசு பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. 1952இல் அடிக்கல், 1956இல் பாராளுமன்றத்தில் சட்டம். அந்த வருஷமே 50 பேரோடு முதல் எம்.பி.பி.எஸ். வகுப்பு. சொந்த ஆஸ்பத்திரி கட்டிடம் எழும்பும்வரை மாணவர்கள் ரோட்டைத் தாண்டி சப்தர்ஜங் வார்டுகளுக்குப் போய்த்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். அரபிந்தோ மார்க்கைக் கடக்கும் அந்த நடைதான் டில்லியின் இந்தப் பகுதியில் முதல் வார்டு போஸ்டிங் என்று சொல்லலாம்.

எய்ம்ஸைத் திட்டமிட்டவர்கள் ஒன்றில் உறுதியாக இருந்தார்கள். ஆசிரியர்கள் முழுநேரம், தனியாகப் பிராக்டிஸ் கூடாது. ஆசிரியர், மாணவர், நர்ஸ் எல்லோரும் ஒரே வளாகத்தில் குடியிருக்கவேண்டும். படிப்பு வகுப்பு மணியோடு முடியாமல் வீடுவரை தொடரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். 1965இல் ஹரியானாப் பக்கம் வல்லப்கரில் கிராமப்புறத் திட்டம் தொடங்கி, பயிற்சி டாக்டர்களைத் தயால்பூர், சாயன்சா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பித் தங்கவைத்ததும் அதே எண்ணத்தில்தான். ஏ.சி. ஆஸ்பத்திரியில் மட்டும் படித்தவன் கிராமத்தில் திணறுவான் இல்லையா? இதையெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். வேலையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் வந்துவிட்டால், வேலை எங்கே முடிகிறது என்பதை யாராவது எழுதிவைக்கவேண்டும். அதை எழுதிவைக்க 1992 வரை ஆயிற்று.

அந்தக் காகிதத்துக்குப் போகுமுன் ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், டில்லியில் எம்.பி.பி.எஸ். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் 'லோக்கல் கார்டியன்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கையெழுத்துப் போட்டவன் நான். என்னை மாமா என்றும் வீட்டில் அத்தை என்றும் கூப்பிடுவான். முதல் வருஷம் முழுக்க உடற்கூறு, உடலியங்கியல், ஃபார்மலின் வாசம். (2019இல் பாடத்திட்டத்தை மாற்றிய பிறகு முதல் வருஷத்திலேயே கொஞ்சம் நோயாளிகளைக் காட்டுகிறார்கள்.) இரண்டாம் வருஷம் ஆரம்பித்ததும் காலையில் மூன்று மணி நேரம் வார்டு. மெடிசின் சில வாரம், சர்ஜரி சில வாரம், மகப்பேறு சில வாரம் என்று சுற்றிவரும்.

முதல் ஞாயிறு வந்தபோது கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றவே இல்லை. ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இடது கை நடுவிரலை டேபிளில் வைத்து வலது கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். "என்னடா தாளம் போடறே?" என்று கேட்டால், "இல்ல அத்தை, நெஞ்சுல தட்டிப் பாக்குற பிராக்டிஸ்" என்றான். நுரையீரலில் காற்று இருந்தால் ஒரு சத்தம், நீர் கோத்திருந்தால் ஒரு சத்தமாம். அன்றைக்கு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், அலமாரி, தண்ணீர் கேன் எல்லாம் பரிசோதனைக்கு உள்ளாயின.

இந்த ஆரம்ப வார்டு நாட்களில் அவன் பட்ட பெரிய கஷ்டம் மருத்துவமே இல்லை, இந்திதான். புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. புரொபசர் இங்கிலீஷில் கேட்கிறார். நோயாளி கோரக்பூரிலிருந்தோ தர்பங்காவிலிருந்தோ ரயிலில் வந்து இரண்டு நாளாக வெளியே படுத்திருந்தவர், அவர் பேசுவது போஜ்புரியோ மைதிலியோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும் ஒரு வார்த்தை எரிச்சலா, குமட்டலா, பயமா என்று கண்டுபிடிக்கவேண்டும். ஒரு பாட்டி இவனுக்கு நாலு நாள் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். வலிக்கு எத்தனை பேர், ஜுரத்துக்கு எத்தனை பேர் என்று. 19 வயசுப் பையனை "டாக்டர் சாப்" என்று கூப்பிட்டுக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார்! 1840களில் யாழ்ப்பாணம் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன், தமிழைக் கற்றுக்கொண்டு, மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் நடத்தி, ரண வைத்தியம், உடற்கூறு என்று புத்தகங்களைத் தமிழாக்கினார். அவருக்கும் முதல் வாத்தியார்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த நோயாளிகளாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று மாதம் போனதும் வேறு கதை வர ஆரம்பித்தது. இவனுக்கு வார்டு மூன்று மணி நேரம்தான். ஆனால் ராத்திரி எமர்ஜென்சியில் போய் நின்றால் நிறையக் கற்றுக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்ல, சனிக்கிழமைகளில் தானாகவே போக ஆரம்பித்தான். அங்கே ஒரு பி.ஜி. அக்கா. வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்கு வந்தவர், சனிக்கிழமை ராத்திரியும் இருக்கிறார். ஒரு ஊசி போடுமுன் இவனைக் கூப்பிட்டு, பாட்டிலில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாராம். படித்தான். "இன்னொரு தரம் படி" என்றாராம். "ஏன் மாமா ரெண்டு தரம் கேட்டாங்கன்னு முதல்ல புரியல. அவங்க கண்ணை அவங்களே நம்பலை" என்றான்.

எனக்குச் சொரேலென்றது. எங்கள் வேலையில் இதற்குச் சமமாக ஒரு காட்சி சொல்லவேண்டுமென்றால், கேஷியர் ஒரு கட்டு நோட்டை எண்ணிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் பயிற்சிப் பையனிடம் "எத்தனை வந்தது, நீயே சொல்" என்று கேட்பது. நோட்டில் தப்பு வந்தால் ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணலாம், அல்லது சம்பளத்தில் பிடிக்கலாம். ஊசியில் எதைப் பிடிப்பது?

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1997இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று. 24 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கை, கண், கவனத் தடுமாற்றம், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம். அதாவது, ராத்திரி ரிங் ரோட்டில் போலீஸ்காரர் ஊதச் சொல்லி வண்டியைப் பறிமுதல் செய்யும் அளவைப்போல மூன்று மடங்குத் தடுமாற்றத்தோடு, ரோட்டின் அந்தப் பக்கம் ஒருவர் ஊசி போடலாம்.

உலகம் இதை ஒரு பெண் இறந்த பிறகுதான் பேச ஆரம்பித்தது. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஜயன் என்ற 18 வயதுப் பெண் ஜுரத்தோடு ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள், காலைக்குள் இறந்துபோனாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு இன்டர்னும் இரண்டாம் வருஷ ரெசிடென்ட்டும். இருவர் கையிலும் இன்னும் பல நோயாளிகள், நீளமான டியூட்டி. அப்பா சிட்னி ஜயன் பத்திரிகையாளர், வக்கீலும்கூட. அவர் விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 2003இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஐரோப்பாவில் இளம் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என்பது 2009இல் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

இப்போது நம் காகிதம். 1992 ஜூனில், உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி, மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டர்களுக்கு ஒரே மாதிரியான திட்டம் ஒன்றை வெளியிட்டது. தொடர்ச்சியான டியூட்டி ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் ஒரு நாள் சுழற்சி முறையில் லீவு. ஜூனியர் ரெசிடென்ட்டுக்கு வாரம் 48 மணி நேரம். பார்த்தீர்களா? ஐரோப்பாவுக்கு 17 வருஷம் முன்னாலேயே நாம் 48 என்று எழுதியாயிற்று!

இருபது வருஷத்துக்கு மேலாகச் சுற்றறிக்கைகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான், அதனால் வரியை மறுபடி படித்தேன். 12 மணி நேரத்துக்கு மேல் "சாதாரணமாக" கூடாது. வார லீவு "வேலையின் அவசரத்துக்கு உட்பட்டு". 48 மணி நேரம் என்பதும் "சாதாரணமாக". மூன்று வாக்கியம், மூன்று ஓட்டை. கடன் பத்திரத்தில் "சாதாரணமாக மாதம் ஐந்தாம் தேதிக்குள் தவணை கட்டுவேன்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் எந்த மேனேஜரும் ஒரு ரூபாய் தரமாட்டார்.

நியாயமாகப் பார்த்தால், அந்த ஓட்டை கொஞ்சம் வேண்டும்தான். 2005 அக்டோபர் 29, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், இதே சரோஜினி நகர் மார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அன்று டில்லியில் வெடித்த மூன்று குண்டுகளில் இங்கேதான் அதிகச் சாவு. மூன்றிலும் சேர்த்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடிபட்டவர்களையும் தீயில் கருகினவர்களையும் சப்தர்ஜங்குக்கும் எய்ம்ஸுக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் எந்த டாக்டரும் கடிகாரத்தைப் பார்க்கமாட்டார், பார்க்கவும் கூடாது. அந்தச் சனிக்கிழமைக்காக எழுதிய விதிவிலக்கு, ஒன்றும் வெடிக்காத சாதாரணச் சனிக்கிழமைக்கும் ஓடிக்கொண்டிருப்பதுதான் கோளாறு. அவசரம் இல்லாத நாளிலும் ஆள் போதாது என்றால் அதற்குப் பெயர் அவசரம் இல்லை, ஆள் போடவில்லை என்று அர்த்தம்.

2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒரு பணிக்குழு அறிக்கை கொடுத்தது. மருத்துவ மாணவர்களின் மனநலத்தைப் பற்றியது. 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் கேட்டதில் கிட்டத்தட்ட 28 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாலில் ஒன்றுக்கும் மேல். அந்தக் குழு பரிந்துரைத்தது என்ன தெரியுமா? ரெசிடென்ட்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரம் ஒரு நாள் லீவு, தினம் 7, 8 மணி நேரத் தூக்கம். 1992இல் 48, 2024இல் 74. வசூலாகாத கடனைப் பாதிக்கு ஒப்புக்கொண்டு கணக்கை முடிப்போமே, 'ஒன் டைம் செட்டில்மென்ட்', அதுபோல. அந்த 74ஆவது கிடைத்தால் சந்தோஷப்படும் நிலைமையில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அதே ஆகஸ்டில்தான் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் அந்தக் கொடுமை நடந்தது. 36 மணி நேர டியூட்டிக்கு நடுவே, படுக்க வேறு இடம் இல்லாமல் செமினார் ஹாலில் கண்ணயர்ந்த முதுகலை மாணவி. அங்கேயே அவரைப் பலாத்காரம் செய்து கொன்றார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து ஒரு தேசியப் பணிக்குழு அமைத்தபோது, டாக்டர்களுக்கு ஓய்வறைகூட இல்லாததைக் குறிப்பிட்டுச் சொன்னது. வீடு என்று பெயர் வைத்த இடத்தில் படுக்க ஒரு அறை இல்லை.

வங்கியில் எங்களுக்கு ஒரு விநோதமான விதி உண்டு. முக்கியமான பொறுப்பில் இருப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாய லீவில் போகவேண்டும். ரிசர்வ் வங்கியின் 2021 சுற்றறிக்கைப்படி தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். இது பாசத்தில் கொடுப்பதில்லை. நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தால் தப்பு தண்டா இருந்தால் வெளியே வரும் என்பதற்காக. பணத்தைத் தொடுகிறவனை நம்பாமல் லீவில் அனுப்புகிறார்கள். உயிரைத் தொடுகிறவரை அளவுக்கு மேல் நம்பி உட்காரவைத்திருக்கிறார்கள்.

சரி, லீவு கிடைத்தால்தான் என்ன செய்யப்போகிறார்கள், தூங்குவார்கள், சினிமா பார்ப்பார்கள், சரோஜினியில் டி-ஷர்ட் வாங்குவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். செய்யட்டுமே. எங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மலை மந்திர் முருகனுக்கு ஒரு கும்பிடு, பிறகு சோபாவில் சாயங்காலம் வரை தூக்கம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பழைய மாணவர்களைக் கேளுங்கள், 1985இல் தீயில் போகும்வரை எதிரே இருந்த மூர் மார்க்கெட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். பழைய புத்தகக் கடையில் பாடப் புத்தகத்தோடு துப்பறியும் நாவலும் சேர்ந்து வரும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு மாணவியின் ஓய்வு நேரம். எங்கள் ஊர்க்காரர். நான் பி.காம். படித்த அதே புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்தவர், முத்துலட்சுமி. 1886இல் பிறந்தவர். பையன்களின் கண் படாமல் இருக்க வகுப்பில் திரை போட்டு உட்காரவைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் பட்டம். பிறகு சென்னையில் அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன், அந்தப் பதவியில் முதல் பெண்களில் ஒருவர். நமக்கு இந்த வரிசை பாடப்புத்தகத்தில் தெரியும். ஆனால் நடுவில் ஒன்று நடந்தது.

கல்லூரியில் படிக்கும் காலத்தில் அவருக்கு ஒரு பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. அவரைத் தொடர்ந்து பெண்கள் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். பகலில் வார்டில் பார்த்த பெண்களின் துன்பத்துக்கு மருந்துச் சீட்டில் எழுத முடியாத காரணங்கள் இருக்கின்றன என்பதைப் பேசக்கூடிய ஆட்களை அங்கேதான் சந்தித்தார். அந்தப் பெண்மணி சரோஜினி நாயுடு. ஆமாம், முதலில் விநய் நகர் என்று இருந்த இந்தப் பேட்டைக்குப் பிற்பாடு பெயராக வந்தவர்தான். ஒரு டாக்டரின் மனைவியும்கூட.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத்தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராட்டம், 1947இல் சட்டம். ஆதரவில்லாத பெண்களுக்கு ஔவை இல்லம். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்தவர், 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு மருத்துவ மாணவியின் நாட்காட்டியில் கூட்டத்துக்குப் போக ஒரு சாயங்காலம் காலியாக இருந்திருக்கிறது. 36 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் எந்தக் கூட்டத்துக்குப் போவார்? யாரைச் சந்திப்பார்?

பெண்கள் மாநாட்டு இயக்கத்தில் முத்துலட்சுமியைப் போலவே முன்னணியில் இருந்தவர் ராஜ்குமாரி அம்ரித் கௌர். 1957 வரை சுகாதார அமைச்சர், 1964இல் காலமானார். சிம்லாவில் 'மேனர்வில்' என்று அவர்கள் குடும்பத்துக்கு ஒரு வீடு. காந்தி சிம்லா போனால் தங்குகிற வீடு. அதை அவர் எய்ம்ஸுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். வார்டு கட்ட இல்லை, ஆராய்ச்சிக் கூடம் வைக்க இல்லை. எய்ம்ஸின் நர்ஸுகளும் ஊழியர்களும் லீவில் போய்த் தங்குவதற்கு.

பையனுக்கு அடுத்த போஸ்டிங் மகப்பேறு. ராத்திரியில்தான் பிரசவம் அதிகம் பார்க்கலாம் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறான். ஊரிலிருந்து அவன் அப்பா போன் பண்ணினால் எப்போதும் இன்டர்னல் மார்க்கைத்தான் கேட்பார். போன வாரம் நான் அவரிடம், "அண்ணே, மார்க்கை நான் கேட்டுச் சொல்றேன், நீங்க இந்த வாரம் எத்தனை ராத்திரி தூங்கினான்னு மட்டும் கேளுங்க" என்றேன். கேட்டிருக்கிறார். நாலு என்றானாம்.